உன் புத்தகங்களை நான் விட்டு வந்த இடங்கள்

பாப்பா,

தபாலில் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. அப்பா நன்றாக இருக்கிறார். அத்திப்பட்டிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் முட்டிவலியைத் தவிர ஒன்றும் இல்லை. போனில் சொல்ல வேண்டிய ஒன்றைப் போனில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன், அவ்வளவுதான். நீ போன் பண்ணினால் "நல்லா இருக்கியாம்மா" என்பாய், நான் "இருக்கேன்" என்பேன், உடனே "அப்பா இருக்காரா" என்பாய். பத்து வருஷமாக நமக்குள் அவ்வளவுதான் பேச்சு. நீ பெங்களூரில் வீடு மாற்றியதும், உனக்கு அம்மை போட்டதும், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பையனை உனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் எனக்கு அப்பா வழியாகத்தான் தெரிந்தது. நான் குறை சொல்லவில்லை. அது ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் சீர் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது நீ அப்பாவிடம் பேசினாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "கட்டிலு, பீரோல்லாம் எதுக்குப்பா, அங்க எல்லாம் கீது. என் புக்கு பொட்டிய மட்டும் குடுத்து அனுப்புங்க, அது போதும்" என்றாய். மாப்பிள்ளை வீட்டார் திருவள்ளூரில் உனக்கென்று ஒரு சுவர் முழுக்க அலமாரி அடித்துக் கொடுக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைப்பதற்குள் பூண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அப்பாவுக்குச் சைகை காட்டினேன், போனைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன், ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் பாவம், அப்படியே ஒப்பித்தார்: "ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சே, அந்த மழைல எல்லாம் ஊறிப் பூட்ச்சாம்மா. அம்மா எடுத்துப் போட்டுட்டாளாம்."  நீ "சரிப்பா" என்றாய். அந்தச் சரி எனக்குப் பழக்கமான சரி. 

உன் புத்தகங்கள் ஊறிப் போகவில்லை, பாப்பா. அவற்றை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போய், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலும், மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியிலும், கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு வருஷமாக இதுதான் வேலை. முன்பின் தெரியாதவர்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். எட்டுப் புத்தகம்தான் இப்போது வீட்டில் இருக்கிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் உன் புத்தகங்களைப் பூட்டி வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ பன்னிரண்டாவது படித்த வருஷம், அரையாண்டுத் தேர்வில் பிசிக்ஸில் தேறவில்லை. நான் ராங்க் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ பாடப் புத்தகத்துக்கு உள்ளே கதைப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாய். நான் அன்றைக்கு எட்டு மணி நேரம் பேக்கிங் செக்‌ஷனில் நின்றுவிட்டு வந்திருந்தேன். கால் இரண்டும் வீங்கி இருந்தது. "கதை படிச்சிப் படிச்சி மூளையே கெட்டுப் பூட்சி இவளுக்கு. நாளைக்கு எங்கூட வந்து அட்டைப் பொட்டி ஒட்டப் போறியா நீ? இனிமே ஒரு புக்கு என் கண்ணுல பட்டுச்சி, அடுப்புல வெச்சிடுவேன்" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். இருந்த புத்தகங்களை எல்லாம் தகர டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். திருவள்ளூர் தேரடிப் பக்கம் பழைய புத்தகக் கடையில், தாத்தா ஊருக்குப் போனபோதெல்லாம் நீ பேரம் பேசிப் பேசி வாங்கியவை. பிறந்தநாளுக்குப் புதுத் துணி வேண்டாம் என்று சொல்லி வாங்கியவையும் அதில் இருந்தன. நீ அழுவாய், சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பிசிக்ஸ் படித்தாய்.

என் நைனா, உன் தாத்தா, பொதட்டூர்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். பத்தாவதோடு என்னை நிறுத்திவிட்டு, கடையில் பொட்டலம் மடிக்கப் போட்டார். கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்தும் என் கைக்கு அதே வேலைதான் வாய்த்தது, பொட்டலத்துக்குப் பதில் அட்டைப் பெட்டி. நீயும் அந்தப் பேக்கிங் லைனில் வந்து நின்றுவிடுவாயோ என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தைப் பயம் என்று உன்னிடம் சொல்லி இருக்கலாம். கோபமாக மாற்றித்தான் எனக்குச் சொல்ல வந்தது. பரீட்சை முடிந்ததும் நீயே சாவி கேட்பாய், கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை. கேட்காதவளுக்கு நானாக ஏன் தர வேண்டும் என்று ஒரு வீம்பு. நீ இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போனபோது, "நான் பூட்டி வெச்சதாலதான் என் பொண்ணு இன்னிக்கு இன்ஜினியரு" என்று லைனில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அந்தப் பூட்டின பெட்டியைத் துடைத்து, மூடி மேல் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். உள்ளே இருப்பதைப் படிக்க விடாமல் வெளியே பொட்டு வைத்துக் கும்பிட்ட கூத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது உண்மைதான். பெட்டியின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. திறந்து, புத்தகங்களை ஃபேனுக்குக் கீழே பாயில் பரப்பினேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டி இருந்தது. கம்பெனிக்கும் நான்கு நாள் லீவு. புரட்டுகிறவள் சும்மா புரட்டுவாளா? ஒரு வரி படித்தேன், அப்புறம் ஒரு பக்கம். கடலோரத்தில் மீன் விற்கிற ஒருத்தியின் கதை அது. சாயங்காலம் அப்பா வந்து "இன்னாடி, அடுப்பு பத்த வெக்கலியா" என்று கேட்டபோதுதான் தலை நிமிர்ந்தேன். உலை வைக்க மறந்து ஒரு கதையைப் படித்தேன் என்று யாராவது சொன்னால் முதலில் நானே நம்பி இருக்க மாட்டேன். நீ பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தது எதனால் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அன்றைக்கே உனக்குப் போன் பண்ணி இருக்க வேண்டும். பண்ணவில்லை.

அப்புறம் தினம் ஒரு புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பொன்னேரியில் ரயில் ஏறுவேன். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வழி போவதே தெரியாது. ஒருநாள் கம்பெனி பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டு ஓடினேன், நடைமேடைச் சிமெண்டு பெஞ்சில் அந்த மீன்காரிப் புத்தகத்தை மறந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை, ஒரு பெட்டிக்கு இரண்டு தடவை டேப் ஒட்டினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதே பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் வேறொரு கம்பெனியின் அடையாள அட்டை.

"இன்னாம்மா புக்கு அது?" என்றேன், ஒன்றும் தெரியாதவளைப் போல.

"தெர்லக்கா. யாரோ உட்டுட்டு பூட்டாங்க. வந்து கேட்டாங்கன்னா குட்த்துடலாம்னு ஒக்காந்துனு இருந்தேன். அப்டியே படிச்சினு இருந்தேன், ரெண்டு வண்டி பூட்ச்சி."

அவள் பெயர் ரேவதி. பள்ளிப்பட்டுக்காரி. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஆறு பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள். அது என் மகளுடையது என்று நான் சொல்லி இருக்கலாம், வாயில் வரை வந்தது. அவள் விரலை எந்தப் பக்கத்தில் வைத்திருந்தாள் தெரியுமா? அந்த மீன்காரி மழையில் கூடையோடு நிற்கிற இடம். அந்த இடத்தில் என்னைக் கேட்டிருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன். "வெச்சினு படிம்மா, யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். வீடு வரைக்கும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் நான் யாருக்கும் எதையும் கொடுத்துப் பழகியவள் இல்லை, உனக்குத் தெரியும்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆசைப்பட்டுத்தான் மறுபடி செய்தேன். படித்து முடித்ததை வேண்டுமென்றே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன். ஆனால் எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் உன் பெயர் இருந்தது, உன் எழுத்தில், வாங்கிய தேதியோடு. ஒரு பெண் பிள்ளையின் பெயர் ரயில் நிலையத்தில் கண்டவன் கையில் படுவதா என்று எனக்குள் இருக்கிற பழைய மனுஷி விழித்துக்கொண்டாள். கம்பெனியில் வீணாகிப் போகிற வெள்ளை லேபிள்களைக் கொண்டுவந்து உன் பெயர் மேல் ஒட்டினேன். அதன்மேல் "படித்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுங்கள்" என்று எழுதினேன். ஊருக்கெல்லாம் உபகாரி நான். புத்தகத்துக்குச் சொந்தக்காரியை மட்டும் லேபிள் போட்டு மறைத்துவிட்டேன். ஒட்டும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது, அதையும் கேள். போன ஆயுத பூஜைக்குப் பெட்டியைக் கும்பிடாமல் புத்தகங்களையே எடுத்து வைத்துக் கும்பிட்டேன். ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் கட்டினேன். பூஜை முடிந்து வேலைக்குப் போகிற அன்று அந்த மூட்டையை அப்படியே கொண்டுபோய், சிப்காட் போகிற வழியில் ஷேர் ஆட்டோ நிற்கிற மேடையில் வைத்துவிட்டு ஓடினேன். அது முச்சந்தி என்பது என் புத்தியில் ஏறவில்லை. மஞ்சள் துணி, குங்குமம், முச்சந்தி! மூன்று நாள் ஒரு ஆள் அந்த மேடையில் உட்காரவில்லை. ஜனங்கள் சாலையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. அதை யார் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எவனோ திஷ்டி கழிப்பு கழிச்சி வெச்சிட்டுப் பூட்டான்க்கா. நானே வண்டிய அந்தாண்ட நிறுத்திக்கினு கீறேன். நீ கிட்ட போவாத" என்றார் ஆட்டோக்காரர்.

நான் போய் மூட்டையைத் தொட்டதும் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "யோவ், இது புக்குய்யா. சாமிகிட்ட வெச்ச புக்கு" என்று அவிழ்த்துக் காட்டினேன்.

"அதான் கேக்கறேன். சாமிகிட்ட வெச்சத இன்னாத்துக்குக்கா ரோட்டாண்ட வெக்கணும்? ஊட்ல கேக்கறவங்க யாரும் இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முந்தானையை நனைத்துக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு நடைமேடைக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஊட்ல கேக்கறவங்க யாரும் இல்லியா என்று அந்த மனிதர் சும்மாதான் கேட்டார். கேட்க வேண்டியவள் பெங்களூரில் இருக்கிறாள் என்பது அன்றைக்குக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நீ சரிப்பா என்று சொன்ன மறுநாளே தேடக் கிளம்பினேன். பெண்கள் பெட்டியில் ஒருத்தர் விடாமல் கேட்டேன், "புக்கு எதனா எடுத்தீங்களாம்மா" என்று. சிலர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி எடுத்ததைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாளாம், தங்கை கல்யாணமாகி நெல்லூருக்குப் போய்விட்டாளாம். கவரைப்பேட்டையில் ஒரு பஜ்ஜிக் கடையில் ஒரு புத்தகம் பாதிதான் இருந்தது, மீதிப் பாதியில் பஜ்ஜி கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் நல்லவர்கள் கைக்குத்தான் போயிற்று என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் மறுபடி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கடைசியாக ரேவதியின் அறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மறந்துவிட்டு வந்த அந்த முதல் புத்தகம் அங்கேதான் இருந்தது. அறையில் எல்லோரும் படித்து, பக்கத்து அறைக்குப் போய், ரேவதியோடு பள்ளிப்பட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதில் நான் லேபிள் ஒட்டி இருக்கவில்லை, மறந்து விட்டதுதானே. முதல் பக்கத்தில் உன் பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். ரேவதி, பள்ளிப்பட்டு. அடுத்தது பழவேற்காட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஒருத்தி, இந்தக் கதையில் வலை போடுகிற விதம் தப்பு என்று ஓரமாக எழுதி வேறு வைத்திருக்கிறாள். கடைசிப் பெயர் எழுத்துக் கூட்டி எழுதினது போல இருந்தது. மொத்தம் பதினோரு பெண்கள்.

"மேல ஒரு பேரு இருந்திச்சிக்கா. படிச்சவங்க பேரு எழுதணும் போலன்னு நாங்களும் எழுதிட்டோம்" என்றாள் ரேவதி.

நான் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அது படிச்சவ பேரு இல்லம்மா, புக்குக்குச் சொந்தக்காரி பேரு, என் பொண்ணு பேரு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டினதிலிருந்து சொன்னேன். ரேவதி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒம் பொண்ணாண்ட கேக்காமயே குட்த்துட்டியாக்கா?" என்றாள். துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

பூட்டியபோதும் உன்னைக் கேட்கவில்லை, கொடுத்தபோதும் கேட்கவில்லை. முதலாவதைத் தண்டனை என்று நினைத்தேன், இரண்டாவதைத் தர்மம் என்று நினைத்தேன். உன் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உன் பொருளை நீ இல்லாதது போல நினைத்து எடுத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு, பாப்பா. இந்த வார்த்தையை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை, எழுதும்போதே எனக்கு எழுத்து கோணுகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். நீ அந்தச் "சரி"யைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதே. சரி இல்லாததற்குச் சரி என்று சொல்லிப் பழகியவள் நீ, பழக்கியவள் நான். மாப்பிள்ளை தங்கமான பிள்ளையாகவே இருக்கட்டும், உன் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை யாருக்காவது எடுத்துக் கொடுத்தால், "என்னைக் கேட்டியா" என்று அன்றைக்கே கேள். நல்ல மனசோடுதானே கொடுத்தான் என்று விட்டுவிடாதே. நல்ல மனசோடு எடுத்தவர்களிடம்தான் கேட்பது கஷ்டம். கேட்காமல் விட்டால் பத்து வருஷம் போனது தெரியாமல் போய்விடும். மாமியார் உன் சமையலைக் குறை சொன்னால் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதே, அதில் எனக்கும் பங்கு உண்டு.

வீட்டில் இருக்கிற எட்டுப் புத்தகங்களை ஈரம் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை நான் இனிமேல் தொட மாட்டேன். போனதில் பாதிக்கு மேல் இந்த ஜென்மத்தில் திரும்பாது. ரேவதி அறையில் இருக்கிற அந்த ஒன்று மட்டும் நான் கேட்டால் கிடைக்கும். "எடுத்துக்கினு போக்கா, ஒம் பொண்ணு பேருதான மொதல்ல கீது" என்று அன்றைக்கே நீட்டினாள். உன்னைக் கேட்காமல் எடுத்து வரவும் எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டாவது ஆளாக ஒரு பெண் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். முடிக்கட்டும் என்று எனக்கு ஆசைதான், அது என் ஆசை. வேண்டும் என்றால் சொல், உடனே போய் வாங்கி உன் சீரோடு வைக்கிறேன், அவர்கள் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அங்கேயே இருக்கட்டும் என்றாலும் சொல். "நீ யாரும்மா என் புக்க குடுக்கறதுக்கு" என்று திட்ட வேண்டும் என்று இருந்தால், அதை முதலில் சொல்.

எதுவாக இருந்தாலும் அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, அவரிடம் போனைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். உன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, நீ என்ன சொல்வாயோ என்று நான் காத்திருப்பது இதுதான் முதல் தடவை.

அம்மா